ஈடுசெய் பிழை: ஒரு கேலக்சியின் வாயுக் கணக்கைப் போட்ட கதை

ஒரு கேலக்சியில் இருக்கும் வாயு தீர எத்தனை காலம் ஆகும் என்று கணினியில் ஒரு கணக்குப் போட்டேன். முதல் தடவை ஓட்டியபோதே விடை 190 கோடி ஆண்டு என்று வந்தது. ஆய்வுகளில் சொல்லப்படும் எண் சுமார் 200 கோடி. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த 190 கோடிக்குள் மூன்று தப்புகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன என்று தெரியவர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பகலில் எனக்கு ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. வானியல் ராத்திரி நேரத்து ஆசை. தொலைநோக்கி கிடையாது. மொட்டை மாடியில் நின்றால் தெருவிளக்கு கண்ணைக் கூசும், அவ்வளவுதான். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த தரவுகள் பொதுவில் இறைந்து கிடக்கின்றன. ஒரு மடிக்கணினி, பைத்தான் நிரல்மொழி, பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் போதும். மூன்றாவதுதான் எனக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு.

கணக்கு இதுதான். ஒரு கேலக்சியில் நட்சத்திரமாக மாறக்கூடிய குளிர்ந்த வாயு எவ்வளவு இருக்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு வாயு நட்சத்திரமாக மாறுகிறது என்று கண்டுபிடித்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். குதிரில் கிடக்கும் நெல்லை ஒரு நாள் செலவால் வகுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரிந்துவிடும் இல்லையா, அதேதான். வாயு தீரும் காலம் என்று வைத்துக்கொள்வோம். வாயு அடர்த்திக்கும் நட்சத்திரப் பிறப்புக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்று 1959இல் மார்ட்டன் ஷ்மிட் எழுதினார். 1998இல் ராபர்ட் கெனிக்கட் முழு கேலக்சிகளை அளந்து, நட்சத்திரம் பிறக்கும் வேகம் வாயு அடர்த்தியின் 1.4 அடுக்காக ஏறுகிறது என்று காட்டினார். 2008இல் ஃபிராங்க் பிகியல், ஆடம் லெராய் ஆகியோரின் குழு பக்கத்து கேலக்சிகளை 750 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) அகலத் துண்டுகளாக வெட்டிப் பார்த்தது. மூலக்கூறு வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டால் அடுக்கு கிட்டத்தட்ட 1. அதாவது வாயு அதிகமுள்ள துண்டோ குறைவான துண்டோ, தீரும் காலம் ஏறக்குறைய அதே 200 கோடி ஆண்டு. இது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. பணக்காரன் வீட்டுக் குதிரும் ஏழை வீட்டுக் குதிரும் ஒரே நாளில் காலியாகும் என்கிற மாதிரி. சரி, நாமே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது எம் 74, இன்னொரு பெயர் என்.ஜி.சி. 628. மீன ராசியில், ஈட்டா பிசியம் என்ற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 98 லட்சம் பார்செக் தூரம், அதாவது 3.2 கோடி ஒளியாண்டு. கிட்டத்தட்ட நேர் முகமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாய்வு 9 பாகைதான், சுருள் கைகள் இரண்டும் வரைந்து வைத்த மாதிரி தெரியும். இதைவிட வசதியான கேலக்சி புதிதாகப் பழகுகிறவனுக்குக் கிடைக்காது.

வாயுவை நேரடியாக அளக்க முடியாது என்பது முதல் தலைவலி. குளிர்ந்த மேகங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. இரண்டு பக்கமும் ஒரே அணு என்பதால் அதற்கு நிரந்தர இருமுனை, அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்ற மின்னூட்டம், கிடையாது. அதைக் கொஞ்சம் சுழல வைத்து ஒளிர வைப்பதற்கே 510 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும். மேகமோ 10, 20 கெல்வினில் கிடக்கிறது. அதனால் ஹைட்ரஜன் ஊமை. அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. அதன் முதல் சுழற்சி நிலைக்கு 5.5 கெல்வின் போதும். 115 கிகாஹெர்ட்ஸிலும் 230 கிகாஹெர்ட்ஸிலும் சளைக்காமல் பேசும். அது பேசுவதைக் கேட்டு ஊமையின் எடையைக் கணிக்கிறோம். சாட்சியை வைத்து வழக்கு நடத்துகிற கதை.

அந்தச் சாட்சியத்தைப் பதிவு செய்தது சிலியில் 5000 மீட்டர் உயரத்துச் சாக்னன்டோர் மேட்டில் இருக்கும் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பு. ஃபேங்ஸ் என்ற குழு அதை வைத்து 90 பக்கத்து கேலக்சிகளை 230 கிகாஹெர்ட்ஸ் கோட்டில் (அந்த அலைவரிசையில் வரும் வெளிச்சத்தில்) படமெடுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. என்.ஜி.சி. 628க்கு நுணுக்கம் சுமார் 1.1 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), அந்தத் தூரத்தில் 50 பார்செக் சொச்சம். கோப்புப் பெயரில் 12 மீட்டர், 7 மீட்டர், முழுத்திறன் என்று மூன்று ஆன்டெனா வகைகளும் சேர்ந்திருப்பதைத்தான் எடுக்க வேண்டும். 12 மீட்டர் மட்டும் இருக்கும் கோப்பில் பரவலான வாயு விட்டுப்போகும், ஏனென்றால் ஆன்டெனாக்களை இணைத்துப் பார்க்கும் முறைக்குப் பெரிய மெல்லிய பரப்பு கண்ணில் படாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் முதலிலேயே சரியாகச் செய்திருந்தேன் என்பதில் இன்றும் சின்னப் பெருமை.

செலவுப் பக்கத்துக்கு, அதாவது நட்சத்திரம் பிறக்கும் வேகத்துக்கு, இரண்டு படம். கேலெக்ஸ் செயற்கைக்கோள் எடுத்த புற ஊதாப் படம் இளம் நட்சத்திரங்களின் நேரடி வெளிச்சத்தைக் காட்டும். அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தூசி விழுங்கி அகச்சிவப்பாகக் கக்கும். அதை வைஸ் செயற்கைக்கோளின் 22 மைக்ரான் படத்தில் பிடிக்கலாம். இரண்டையும் 15 ஆர்க்செகண்ட் நுணுக்கத்தில் ஒரே அலகில் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆக நான் செய்ய வேண்டியது ஆல்மா படத்தை 1.1இலிருந்து 15 ஆர்க்செகண்டுக்கு மங்கலாக்குவது, மூன்றையும் ஒரே கட்டவலையில் பொருத்துவது, பெருக்கி வகுப்பது. 15 ஆர்க்செகண்ட் என்றால் அங்கே சுமார் 715 பார்செக். பிகியல் குழுவின் 750க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

ஒரே ஒரு கட்டத்தை, அதாவது ஒரு படப்புள்ளியை, எடுத்துக் கையால் போட்டுக் காட்டுகிறேன். சுருள் கையில் ஒரு இடம். கார்பன் மோனாக்சைடு அளவு 5 கெல்வின் கி.மீ./வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 230 கிகாஹெர்ட்ஸ் கோடு. இதை 115 கோட்டுக்கு மாற்ற 0.65ஆல் வகுத்தால் 7.7. அதை 4.35ஆல் (கார்பன் மோனாக்சைடு வெளிச்சத்தை வாயு எடையாக மாற்றும் மாறிலி) பெருக்கினால் சதுர பார்செக்குக்கு 33.5 சூரிய நிறை. ஹீலியத்தின் பங்கும் அந்த 4.35க்குள்ளேயே அடக்கம். செலவுப் பக்கம்: புற ஊதா 0.08, அகச்சிவப்பு 3.5, இரண்டும் ஸ்டெரேடியனுக்கு மெகாஜான்ஸ்கி என்ற பிரகாச அலகில். லெராய் 2008இல் கொடுத்த சூத்திரப்படி முதலாவதை 0.081ஆலும் இரண்டாவதை 0.0032ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அவருடைய சூத்திரம் 24 மைக்ரானுக்கு எழுதியது, 22ஐ அதற்குப் பதிலாக வைக்கிறேன். பெரிய வித்தியாசம் வராது. 0.0065ம் 0.0112ம் சேர்ந்து 0.0177. அதாவது சதுர கிலோபார்செக்குக்கு ஆண்டுக்கு 0.0177 சூரிய நிறை. ஒரு சதுர கிலோபார்செக்கில் பத்து லட்சம் சதுர பார்செக். 335 லட்சத்தை 0.0177ஆல் வகுத்தால் சுமார் 189 கோடி ஆண்டு. முடிந்தது. பள்ளிக்கூடக் கணக்கு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கேலக்சியின் தூரம் தப்பாக இருந்தாலும் இந்த விடை மாறாது. சாய்வு தப்பாக இருந்தாலும் மாறாது. இரண்டு பக்கமும் ஒரு சதுர பரப்புக்கு இவ்வளவு என்ற அளவுதான், சாய்வுத் திருத்தம் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வந்து அடிபட்டுப் போகும். வானியலில் தூரம் தெரியாமல் ஒரு காலத்தைச் சொல்ல முடிகிற இடங்கள் அதிகமில்லை.

சரி, இப்போது பிழைகளுக்கு வருவோம்.

முதல் பிழையைக் கண்டுபிடித்தது பழக்க தோஷத்தால். ஒரு வாரம் கழித்து, படத்தை நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று நிரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் கேட்கிறவன், இங்கே ஒவ்வொரு மாறிலிக்கும் பக்கத்தில் இது எங்கிருந்து வந்தது, எதற்கானது என்று குறிப்பு எழுத ஆரம்பித்தேன். 4.35க்கு எழுதப் போனபோது கை நின்றது. அது 115 கிகாஹெர்ட்ஸ் கோட்டுக்கான மாறிலி. என் கையில் இருப்பதோ 230. இரண்டாவது கோடு சராசரியாக முதலாவதில் 0.65 பங்கு பிரகாசம்தான். மேலே கையால் போட்டபோது அழகாக 0.65ஆல் வகுத்துக் காட்டினேன் அல்லவா, நிரலில் அந்த வரியே இல்லை. விடு பிழை.

சேர்த்தேன். 190 கோடி 292 கோடி ஆகிவிட்டது.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிழைகளில் விடு பிழை, செய் பிழை, விதிப் பிழை என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஈடுசெய் பிழை என்று ஒன்று சொல்வார்கள். ஒரு பக்கம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக எழுதி, இன்னொரு இடத்தில் வேறொரு ஆயிரத்தை விட்டுவிட்டால் இருப்பாய்வு அழகாகச் சமமாகிவிடும். பிழை வெளியில் தெரியாது. ஒன்றைத் திருத்தினால்தான் மற்றது தலையைக் காட்டும். எனக்கு நடந்தது அதேதான். 190 சரியான விடை மாதிரி தெரிந்தது, வேறொரு பிழை விடையை மேலே தூக்கிப் பிடித்திருந்ததால்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 4.35 என்ற மாறிலி ஒன்றும் வேதவாக்கு கிடையாது. உலோகச் செறிவைப் பொறுத்து, அதாவது ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து, மாறும். கேலக்சி மையங்களில் சராசரியாகப் பாதி அளவுக்குக்கூட இறங்கும் என்று அளந்திருக்கிறார்கள். அதைச் சற்றே குறைத்துப் போட்டால் 292 பழையபடி 200க்கு வந்துவிடும், யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. இரண்டு நாள் இந்த யோசனையில் இருந்தேன். அலுவலகத்தில் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

என் அக்கா மகள் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். வேறு துறைதான், ஆனால் படத்தை மங்கலாக்குவது அவளுக்குத் தினசரி வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்தேன். நான் பத்து நிமிஷம் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"மாமா, மங்கலாக்கறதுக்கு முன்னாடி மொத்தம் எவ்வளவு, அப்புறம் மொத்தம் எவ்வளவுன்னு கூட்டிப் பாத்தீங்களா?"

"இல்லையேம்மா. ஆனா ஒரு சோதனை பண்ணினேன். வெறும் படத்துல நடுவுல ஒரே ஒரு புள்ளி வச்சு ஓட்டினேன். 15 ஆர்க்செகண்ட் அகலத்துக்கு அழகா பரவுச்சு."

"வெறும் படம்னா? பூஜ்யமா, இல்ல நானா?"

எனக்குப் பகீர் என்றது.

விளக்க வேண்டும். கணினியில் மதிப்பே இல்லாத கட்டத்துக்கு ஒரு குறி இருக்கிறது. எண் அல்ல என்று பொருள். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை வாசித்தால் தமிழில் 'நான்' என்றுதான் வரும். ஃபேங்ஸ் படத்தில் கார்பன் மோனாக்சைடு உறுதியாகத் தெரிகிற இடங்களில் எண் இருக்கும், மற்ற இடமெல்லாம் 'நான்'. சுருள் கைகளுக்கு நடுவே பெரும் பரப்பு முழுக்க 'நான்'. மங்கலாக்குவதற்குப் பைத்தானுக்கான ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல் நூலகத்தின் செயற்கூறு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தேன். அது 'நான்' கட்டத்தைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றால், அதுவாகவே அக்கம்பக்கத்து மதிப்புகளிலிருந்து இட்டுநிரப்பிவிடும். கெட்ட எண்ணத்தில் இல்லை. கேமராவில் செத்துப்போன புள்ளிகளைச் சரி செய்ய அது மிக நல்ல வழி. ஆனால் என் படத்தில் அந்த வெற்றிடம் செத்த புள்ளி அல்ல. அங்கே வாயு தெரியவில்லை என்ற தகவல்.

போனை வைத்ததும் புள்ளிச் சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்த முறை பூஜ்யங்களுக்குப் பதில் படம் முழுக்க 'நான்', நடுவே ஒரே ஒரு 1. ஓட்டினால் நடுவிலிருந்து மங்கல் வடிகட்டியின் கை எட்டும் தூரம் வரை எல்லாக் கட்டமும் 1! ஒரு வீட்டில் விளக்கேற்றினால் தெரு முழுக்க அதே வெளிச்சம். பழைய சோதனையில் நான் பூஜ்யப் படத்தை வைத்திருந்ததால் இது கண்ணில் படவே இல்லை. சோதனை சரி, சோதித்த பொருள்தான் என் பொருள் இல்லை.

அப்புறம் கேலக்சிப் படத்தின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். முன்பு 100 என்று வைத்துக்கொண்டால் பின்பு 200ஐத் தாண்டிவிட்டது. மங்கலாக்குவது இருப்பதைப் பரப்ப வேண்டுமே தவிர, புதிதாக வாயுவை உண்டாக்கக் கூடாது. சுருள் கைகளின் வாயுவை எல்லாம் கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்திலும் தாராளமாகப் பூசி வைத்திருந்தேன்.

திருத்தம் ஒரு வரிதான், 'நான்' வந்தால் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று சொல்வது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி. படத்தில் இரண்டு விதமான 'நான்' இருக்கிறது. ஒன்று, ஆல்மா பார்த்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, ஆல்மா அங்கே பார்க்கவே இல்லை, அது படத்தின் எல்லைக்கு வெளியே. முதலாவதைப் பூஜ்யமாக்கலாம். இரண்டாவதைப் பூஜ்யமாக்கினால் அது பொய். தேடினோம் கிடைக்கவில்லை என்பதும், தேடவே இல்லை என்பதும் ஒன்றா? ஒரே குறியில் இரண்டும் கலந்து கிடப்பதால் பிரிக்க வழி தேட வேண்டியிருந்தது. கடைசியில் முழுத் தரவுக் கனசதுரத்தையே (ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு தளமாகப் படங்களை அடுக்கி வைத்த கோப்பு) இறக்கினேன். பல ஜிபி, ராத்திரி முழுக்க இறங்கியது. காலையில் அதிலிருந்து ஒரே ஒரு தளத்தை மட்டும் உருவினேன். அதில் எங்கெல்லாம் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆல்மா பார்த்திருக்கிறது என்று அர்த்தம். அதை ஒரு முகமூடிப் படமாகச் சேமித்து, அதையும் அதே அளவுக்கு மங்கலாக்கி, 95 சதவீதத்துக்குக் குறைந்த விளிம்புக் கட்டங்களைக் கழித்துவிட்டேன். இப்போது கூட்டிப் பார்த்தால் முன்னும் பின்னும் பொருந்தியது.

விடை? 140 கோடி சொச்சம்.

இந்தத் தடவை பயமில்லை. பிழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வாயு குறைகிறது. எங்கே ஒழுகுகிறது? கோப்புப் பெயரைத் திரும்பப் பார்த்தேன். ஃபேங்ஸ் குழு ஒவ்வொரு கேலக்சிக்கும் இரண்டு விதமான படம் கொடுக்கிறது. ஒன்றின் பெயர் ஸ்ட்ரிக்ட், இன்னொன்று பிராட். கண்டிப்பானது, தாராளமானது. கண்டிப்பு என்றால் நல்லதுதானே என்று தணிக்கைக்காரன் புத்தியில் முதலாவதை எடுத்திருந்தேன். அது சந்தேகத்துக்கு இடமில்லாத வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மெல்லிய, பரவலான வாயுவை எல்லாம் வெட்டிவிடும். மொத்தக் கணக்கு போடுகிறவனுக்கு வேண்டியது தாராளமான படம். கொஞ்சம் இரைச்சல் சேரும், ஆனால் வாயு விட்டுப்போகாது. இது இணைப்பு ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை.

மாற்றினேன். 190 கோடியை ஒட்டி வந்து நின்றது. புறப்பட்ட அதே இடம்!

கண்டிப்பான படம் விடையைக் கீழே இழுத்தது, மறந்துபோன 0.65 இன்னும் கீழே இழுத்தது, இட்டுநிரப்பிய 'நான்' இரண்டு மடங்குக்கு மேலே தூக்கியது. மூன்றும் சேர்ந்து தொடங்கிய எண்ணுக்கே கொண்டுவந்து விட்டன. அப்படியானால் பழைய 190க்கும் புதிய 190க்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா மகளிடம் பெருமையாகக் கேட்டேன். "வரைபடத்தைப் பாருங்க மாமா" என்றாள். அதுவும் சரிதான். பழைய வரைபடத்தில் கைகளுக்கு நடுவே தீரும் காலம் 400, 500 கோடி என்று எகிறியிருந்தது. சராசரி மட்டும் தற்செயலாகப் பொருந்தியது. புதியதில் கையிலும் நடுவிலும் பெரிய பாகுபாடில்லை. பிகியல் குழு சொன்ன ஒரே குதிர்க் கணக்கு கண் முன்னால் வந்தது. ஒரு எண்ணைப் பார்த்ததற்குப் பதில் படத்தைப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

ஓரங்களில் இன்னும் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. வாயுவே தெரியாத கட்டங்களை விட்டுவிட்டு இடைநிலை எடுத்தால் விடை கூடுகிறது, எல்லாவற்றையும் கூட்டி மொத்தத்தை மொத்தத்தால் வகுத்தால் குறைகிறது. மங்கலான பகுதிகளில் 22 மைக்ரான் வெளிச்சத்தில் ஒரு பங்கு வயதான நட்சத்திரங்கள் சூடாக்கிய தூசியிலிருந்து வருவது. அதைப் புதுப் பிறப்பாக எண்ணுவது தப்பு. இவையெல்லாம் பெரிய ஆட்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கும் விஷயம். நான் அதில் இறங்கவில்லை.

நான் இறங்கியது வேறு ஒன்றில். 715 பார்செக்கில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது, சரி. ஆல்மா படம் 50 பார்செக் வரை காட்டுகிறதே, அங்கே போய்ப் பார்த்தால்?

அதற்குப் புற ஊதாவும் அகச்சிவப்பும் உதவாது, நுணுக்கம் போதாது. சிலியில் பரனால் மலையில் இருக்கும் வி.எல்.டி. தொலைநோக்கியின் மியூஸ் கருவியை வைத்து ஃபேங்ஸ் குழு 19 கேலக்சிகளை எடுத்திருக்கிறது. என்.ஜி.சி. 628 அதிலும் உண்டு. அதில் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்னும் சிவப்புக் கோட்டின் படம் கிடைக்கும். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சுற்றியுள்ள வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து ஒளிர வைப்பதால் வருவது அது. அந்த நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒளிர வைக்க முடியாது. ஆக அது புத்தம்புதுப் பிறப்பின் அடையாளம்.

கார்பன் மோனாக்சைடு படத்தை நீலத்திலும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் சிவப்பிலும் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். இரண்டும் சேர்ந்து ஊதாவாகத் தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஊதா கொஞ்சம்தான். நீலப் பொட்டு தனி, சிவப்புப் பொட்டு தனி. ஒரே சுருள் கையில் அடுத்தடுத்து, பல இடங்களில் ஒன்றையொன்று தொடாமல். முதலில் பொருத்தம் தவறிவிட்டது என்றே நினைத்தேன், அடிபட்ட பூனை ஆயிற்றே. ஆயத்தொலைகளை மூன்று தடவை சரிபார்த்தேன். பொருத்தம் சரி. வானம் அப்படித்தான் இருக்கிறது.

விடிகாலையில் ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் எட்டிப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பாத்திரம் நிறைய மாவு, இட்லி இன்னும் இல்லை. அடுத்த வீட்டில் தட்டு நிறைய இட்லி, மாவு காலி. மாவும் இட்லியும் சேர்ந்திருக்கும் வீடு சிலதான், ஏனென்றால் ஊற்றி அவிக்கும் நேரம் கொஞ்சம். தெரு மொத்தத்தையும் கூட்டினால் மாவுக்கும் இட்லிக்கும் உள்ள விகிதம் நிலையாக இருக்கும். ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

இதை அளக்க ஒரு அழகான வழி இருக்கிறது. வாயுச் சிகரங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் நடுவாக வைத்து வட்டம் வரைந்து, உள்ளே உள்ள வாயு–பிறப்பு விகிதத்தைக் கேலக்சிச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். அதேபோல் ஹைட்ரஜன் ஆல்ஃபா சிகரங்களை நடுவாக வைத்தும். வட்டத்தைப் பெரிசிலிருந்து சிறிசாக்கிக்கொண்டே போக வேண்டும். சராசரியோடு ஒப்பிடுவதுதான் என்பதால் 4.35, 0.65 ஒன்றும் தேவையில்லை, எல்லாம் அடிபட்டுப் போகும். மாறிலிகளிடம் சூடுபட்டவனுக்கு இது பெரிய ஆறுதல்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், சிகரம் தேடத் தாராளமான படம் உதவவில்லை. இரைச்சலையெல்லாம் சிகரம் என்று பொறுக்கிக் கொடுத்தது. தூக்கிப் போட்ட கண்டிப்பான படத்தைத் திரும்ப எடுத்து, அதில் சிகரம் தேடி, தாராளமான படத்தில் அளந்தேன். இன்னொன்று, மியூஸ் பார்த்த பரப்பு ஆல்மா பார்த்ததைவிடச் சிறியது. விளிம்பில் வரைந்த வட்டங்களில் பாதிக்கு 'பார்க்கவே இல்லை'. இந்தத் தடவை முகமூடி முன்பே தயார்.

வரைபடம் வந்தபோது வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். ஒரு கிலோபார்செக் வட்டத்தில் இரண்டு கோடும் சராசரியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. சில நூறு பார்செக்கில் பிரிய ஆரம்பித்தன. நூறு பார்செக்குக்கு வந்தபோது வாயுச் சிகரக் கோடு சராசரியின் பல மடங்குக்கு ஏறியிருந்தது, பிறப்புச் சிகரக் கோடு பல மடங்கு இறங்கியிருந்தது. துறையில் இதை இசைக்கவை வரைபடம் என்கிறார்கள், பள்ளி ஆய்வகத்தில் தட்டிப் பார்ப்போமே, அந்த முள்கரண்டி மாதிரிக் கம்பி. அதே உருவம். டீடெரிக் க்ரைசனும் ஸ்டீவ் லாங்மோரும் 2014இல் எழுதிய கருத்து இது. கரண்டி எவ்வளவு விரிகிறது என்பதை வைத்து மேகத்தின் ஆயுளையே கணக்கிடுகிறார்கள். மெலனி ஷெவான்ஸ் 2020இல் ஒன்பது கேலக்சிகளுக்குப் போட்ட கணக்கில் ஆயுள் 1 முதல் 3 கோடி ஆண்டு. அதில் மேகமும் புதுப் பெரிய நட்சத்திரமும் சேர்ந்திருப்பது 10 முதல் 50 லட்சம் ஆண்டுதான்.

190 கோடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மேகம் ஒன்றிரண்டு கோடி ஆண்டு இருந்துவிட்டுக் கலைந்துபோகிறது. வாயு தீர்வதற்கோ 190 கோடி. அப்படியானால் ஒவ்வொரு மேகமும் தன் எடையில் நூற்றில் சில பங்கை மட்டும் நட்சத்திரமாக்கிவிட்டு, மீதியைத் திரும்ப ஊருக்கே விட்டுவிடுகிறது. பெற்ற பிள்ளைகளின் வெளிச்சமும் காற்றும்தான் அதைக் கலைக்கிறது, பெரும்பாலும் முதல் சூப்பர்நோவா வெடிப்பதற்கு முன்பே. குதிர் காலியாகாமல் இருப்பதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. சமைக்க எடுத்த நெல்லில் முக்கால்வாசிக்கு மேல் திரும்பக் குதிருக்கே போய்விடுகிறது.

அடுத்தது எம் 66. சாய்வு 57 பாகை, நடுவில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு முனையிலும் வாயு குவிந்து கிடக்கிறது. சாய்வு அடிபட்டுப் போகும் என்று மேலே எழுதினேன், அது விகிதத்துக்குத்தான். வட்டம் வரையும்போது அடிபடாது, அங்கே வானத்து வட்டம் கேலக்சியில் நீள்வட்டம். அந்தத் திருத்தத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்பு இன்னும் இறங்கி முடியவில்லை, 62 சதவீதத்தில் நிற்கிறது.